துடுப்பு சாய்ந்த பக்கம்

நவம்பர் 5, செவ்வாய். திரிசூலி ஆற்றங்கரை, நேபாளம்

காலையில் எழுந்ததும் முதல் வேலையாக, நேற்று நனைந்த ஷூக்களைக் கொண்டுபோய் ஜீப்பின் பானெட் மேல் வரிசையாக வைத்தேன். வெயில் இன்னும் மலையைத் தாண்டவில்லை. பானெட்டும் ஜில்லென்றுதான் இருந்தது. காயாது என்று தெரிந்தேதான் வைத்தேன். வீட்டில் என்றால் இந்நேரம் பால் காய்ச்சிக்கொண்டிருப்பேன். இங்கே கைக்கு வேறு வேலை இல்லை.

வந்து மூன்று நாளாகிறது. கோயம்புத்தூரில் ஞாயிற்றுக்கிழமைதோறும் அணைத் தண்ணீரில் கயாக் ஓட்டும் எங்கள் குழுவில் பதினான்கு பேர் இருக்கிறோம். நேபாளம் என்று பேச்செடுத்ததும் பதினொரு பேர் வீட்டில் கல்யாணமும் காதுகுத்தும் வந்துவிட்டன. மிஞ்சியது மூவர். சீலண்ணா, அதாவது ஜெயசீலன், பம்ப்செட் பட்டறைக்காரர், குழுவைத் தொடங்கியவர். வாணி பல் டாக்டர். ஆறாம் வகுப்பிலிருந்து என் பக்கத்தில் உட்கார்ந்தவள். நான் கல்லூரியில் வேதியியல் சொல்லித் தருகிறேன். இங்குள்ள ஆறுகளைக் காட்டிக் கூட்டிப் போக பிம் பகதூர் என்பவர் உடன் வருகிறார். என் வயதுதான் இருக்கும். நாங்கள் தண்ணீரில் இறங்கியதும் டிரைவர் ஜீப்பைக் கீழே நாங்கள் கரையேறும் இடத்துக்குக் கொண்டுபோய்விடுவார். இப்படி ஆறு ஆறாக ஒன்பது நாள்.

இன்று திரிசூலியில் வாணி ஒரு பாறையின் தவறான பக்கம் போய்க் கவிழ்ந்தாள். உடனே புரண்டு எழுந்துவிட்டாள், பெரிய விஷயம் இல்லை. ஆனால் சீலண்ணா மதியச் சாப்பாடு முடியும்வரை விடவில்லை.

“ஏம்மா, சோத்துக்கை எது, பீச்சாங்கை எதுன்னு உனக்கு ஒண்ணாப்புல சொல்லித் தரலியா?”

“என் எதிர்ல உக்கார்றவங்களுக்கு வலது, எனக்கு இடதுங்கண்ணா. இருபது வருசமா அப்படியே பார்த்துப் பழகிருச்சு. நீங்க வேணா வாயைத் திறங்க, காட்டறேன்.”

பிம்முக்கு ஒன்றும் புரியாவிட்டாலும் சிரித்தார்.

வாணிக்கு இடம் வலம் குழம்பும் என்பது உண்மை. அதனால் ஆறு வருடத்துக்கு முன்பு அவளுக்குச் சொல்லிக் கொடுக்கும்போதே நான் ஒன்று சொல்லிவிட்டேன்: கத்துவது எதையும் கேட்காதே, என் துடுப்பை மட்டும் பார். அது எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தப் பக்கம் வா. கயாக் ஓட்டுகிறவர்கள் எல்லாருக்கும் பொதுவான வழக்கம்தான் இது. கரையில் நிற்பவர் போக வேண்டிய பக்கத்தை மட்டுமே காட்ட வேண்டும். ஆபத்து இருக்கும் பக்கத்தை ஒருநாளும் காட்டக் கூடாது. தண்ணீரில் வருகிறவருக்கு யோசிக்க நேரமிருக்காது. காட்டிய பக்கம் போய்விடுவார். புதிதாகச் சேர்கிறவர்களுக்கு முதல் ஞாயிறே இதைச் சொல்லிவிடுவேன். குழுவில் அது என் பாடம்.

நவம்பர் 6, புதன்

நாள் முழுதும் ஜீப். கூரைமேல் நான்கு கயாக்குகளும் கயிற்றில் கட்டிக் கிடக்க, சாலை வேலை நடக்கும் இடங்களில் எல்லாம் புழுதி. வாணி முகத்தில் துப்பட்டாவைச் சுற்றிக்கொண்டு என் தோளில் தூங்கினாள். மர்ஸ்யாங்தி ஆறு பக்கத்தில் வந்ததும் சாலையிலிருந்தே தெரிந்தது. திரிசூலி மாதிரி இல்லை. வெள்ளையாக, நெருக்கமாக, இடைவெளியே விடாமல் இறங்குகிறது. மழைக்காலத்தில் மண் சரிந்து மரங்கள் ஆற்றுக்குள் விழுந்திருக்கின்றன என்று பிம் சொன்னார். மத்யமா வரை படித்த ஹிந்தி எனக்கு இங்கேதான் முதல்முறையாக உதவுகிறது.

நாளைக்கு வேண்டாம் என்று சொல்லலாமா என்று தோன்றியது. சொல்லவில்லை. சீலண்ணா உற்சாகமாக இருந்தார்.

சாயங்காலம் பருப்பும் சோறும். வாணி மூன்றுமுறை வாங்கிச் சாப்பிட்டாள்.

நவம்பர் 7, வியாழன். போக்கரா

வாணிக்கு அடிபட்டுவிட்டது. உயிருக்கு ஆபத்தில்லை என்கிறார்கள். மருத்துவமனையில் இருக்கிறோம்.

நவம்பர் 8, வெள்ளி. போக்கரா

காலையில் வாணிக்குத் தலை வாரிவிட்டேன். முடிக்குள் இன்னும் மணல். சீப்பை வெள்ளைத் துண்டின்மேல் தட்டத் தட்டக் கொட்டியது. வலது தோள் மூட்டு விலகி, நேற்றே மயக்க மருந்து கொடுத்துச் சேர்த்துவிட்டார்கள். வலது கையில் கடைசி இரண்டு விரல்களும் மரத்துப் போயிருக்கின்றன. நரம்பு இழுபட்டிருக்கிறது, சில வாரங்களில் சரியாகிவிடும் என்கிறார் டாக்டர். நுரையீரலில் கொஞ்சம் தண்ணீர். மூக்கில் ஆக்சிஜன் குழாய். பேசினால் இருமுகிறாள்.

நடந்ததை எழுதிவைக்க வேண்டும். ஒரு வளைவுக்கு முன்னால் ஆறு ஒரே இறக்கமாக இறங்கி இரண்டாகப் பிரிகிறது. பிம் முதலில் போய்ப் பாறைகளுக்குக் கீழே காத்திருந்தார். அடுத்து நான் வலது பக்கமாக இறங்கிக் கரையேறி, வழி காட்ட ஒரு பாறைமேல் ஏறி நின்றேன். அங்கிருந்து பார்த்தபோதுதான், மேலிருந்து வருகிறவர்களுக்கு இடது பக்கம் இருந்த பிரிவில் ஒரு மரம் குறுக்கே சிக்கியிருப்பது தெரிந்தது. தண்ணீர் மேலேறி இறங்கும்போது மட்டும் தெரியும், மறுபடி மூழ்கிவிடும். கிளைகளுக்கிடையில் தண்ணீர் போய்விடும், ஆள் போக முடியாது. வடிகட்டி மாதிரி பிடித்துக்கொள்ளும். எங்கள் ஆட்கள் எதற்குப் பயப்படாவிட்டாலும் அதற்குப் பயப்படுவார்கள்.

வாணி மேலிருந்து வந்துகொண்டிருந்தாள். அவளுக்குப் பின்னால் வளைவுக்கு மேலே சீலண்ணா காத்திருந்தார். அங்கிருந்து அவருக்கு நான் நின்ற பாறை தெரியாது. நான் துடுப்பைத் தூக்கி வழி காட்டினேன். வாணி இடது பக்கம் போனாள். மரத்தில் மோதிப் படகு கவிழ்ந்து கிளைகளுக்கடியில் மாட்டிக்கொண்டது. பிம் மரத்தின்மேலேயே ஏறி அவளை உருவி எடுத்தார். ஒரு நிமிடம் இருக்கும் என்கிறார் அவர். எனக்கு எவ்வளவு என்று தெரியவில்லை.

தாமோதரன், வாணியின் கணவர், போன் செய்தார். அவளால் பேச முடியாததால் நான் பேசினேன். “எப்படிங்க ஆச்சு?” என்று கேட்டார். தண்ணீர் வேகம் என்றேன். சீலண்ணா போனை வாங்கி, “அவங்க வழக்கம்போலப் பக்கத்தை மாத்திட்டாங்க தம்பி” என்றார்.

நான் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தேன்.

நவம்பர் 9, சனி. போக்கரா

ஹோட்டல்காரரிடம் கெஞ்சிச் சோற்றைக் குழைய வேகவைத்து, உப்பு மட்டும் போட்டு ஃப்ளாஸ்கில் எடுத்துப் போனேன். வாணி இடது கையால் ஸ்பூன் பிடித்துச் சாப்பிட்டாள். நான் ஊட்டுகிறேன் என்றதற்கு, “சோத்துக்கை எதுன்னு இனியாவது தெரிஞ்சுக்கறேன், விடுடீ” என்றாள். சீலண்ணாவும் சிரித்துவிட்டார், ஆனால் உடனே வெளியே போய்விட்டார். அவருக்கும் இதெல்லாம் தாங்கவில்லை.

ஆக்சிஜன் குழாயை எடுத்துவிட்டார்கள். இருமல் குறைந்திருக்கிறது. மதியம் நாங்கள் இருவரும் தனியாக இருந்தபோது அன்று நடந்ததைப் பற்றி ஏதோ கேட்டாள். அதற்குள் நர்ஸ் வந்துவிட்டார். பதில் சொல்ல முடியவில்லை.

ஏரி இங்கிருந்து நடக்கிற தூரம்தானாம். போகவில்லை.

நவம்பர் 10, ஞாயிறு. போக்கரா

இன்று மருத்துவமனையிலிருந்து அனுப்பிவிட்டார்கள். கிளம்பும்போது வாணி டாக்டரிடம் ஆங்கிலத்தில் நிறையக் கேள்விகள் கேட்டாள். தோளைப் பற்றி ஒன்றுமில்லை. மூளைக்கு ஆக்சிஜன் போகாமல் எத்தனை விநாடி இருந்தால் ஞாபகம் கெடும், ஒரு குறிப்பிட்ட விஷயம் மட்டும் மாறிப் பதிய முடியுமா, தலைக்கு ஸ்கேன் எடுக்க வேண்டாமா. டாக்டர் பொறுமையாகப் பதில் சொன்னார். பேச்சு, பார்வை, நடை எல்லாம் சரியாக இருக்கின்றன. இப்போது ஸ்கேன் அவசியமில்லை. மனநிம்மதிக்கு வேண்டுமானால் ஊரில் போய் எடுங்கள் என்றார். அதிர்ச்சியில் சில சமயம் ஞாபகம் குழம்புவது உண்டு என்றும் சொன்னார். அந்தக் கடைசி வாக்கியத்தை மட்டும் அவள் பிடித்துக்கொண்டுவிட்டாள்.

ஹோட்டல் அறைக்கு வந்ததும் என்னைப் பரீட்சை வைக்கச் சொன்னாள். பற்களுக்கு எண் உண்டாம், பதினொன்றில் தொடங்கி, நடுநடுவே சில எண்களை விட்டு, நாற்பத்தெட்டு வரை. நான் எண்ணைச் சொல்ல அவள் பல்லைச் சொல்ல வேண்டும். போனில் பட்டியலை எடுத்து வைத்துக்கொண்டு கேட்டேன். முப்பத்திரண்டும் சரி. எட்டாம் வகுப்பில் எங்கள் பெஞ்சில் இருந்தவர்கள் பெயர், அவளுடைய முதல் ஸ்கூட்டரின் நம்பர், மாமனார் இறந்த தேதி. எல்லாமே சரி.

“எல்லாம் சரியா இருக்கு. அது ஒண்ணு மட்டும் எப்படீடீ தப்பாச்சு?”

டவலை மடித்துக்கொண்டிருந்தேன். மடித்து முடித்ததைப் பிரித்து மறுபடி மடித்தேன்.

சாயங்காலம் சீலண்ணா வந்து, நடந்ததை நான்தான் எழுதித்தர வேண்டும் என்றார். யாருக்கு அடிபட்டாலும் நடந்ததை எழுதி, அடுத்த ஞாயிறு குழுவில் எல்லார் முன்னாலும் வாசிப்பது எங்கள் வழக்கம். யாரையும் குறை சொல்ல அல்ல, அடுத்தவர் அதே தப்பைச் செய்யாமலிருக்க. “உனக்குத்தான் கோர்வையா எழுத வரும்” என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, வாணியை இனி ஆற்றுக்குக் கூட்டிப்போவது நல்லதில்லை என்றும், அதை நான்தான் பக்குவமாக அவளிடம் சொல்ல வேண்டும் என்றும் சொன்னார்.

நவம்பர் 11, திங்கள். போக்கரா

வாணியின் துணிகளைத் துவைத்தேன். பக்கெட்டின் அடியில் கறுப்பு மணல் தங்கியது.

பிம் பார்க்க வந்தார். ஆரஞ்சுப் பழம் வாங்கி வந்திருந்தார். வாணி தூங்கிக்கொண்டிருந்ததால் வராந்தாவில் நின்று பேசினோம். அவர் முகம் வாடியிருந்தது. மரத்தைத் தான் முன்பே பார்த்திருக்க வேண்டும் என்றார். தண்ணீருக்குள் இருந்ததை எப்படிப் பார்த்திருக்க முடியும் என்றேன். பிறகு சொன்னார்: கீழேயிருந்து எனக்கு உங்கள் பாறை தெரியவில்லை, வாணியின் முகம் மட்டும் தெரிந்தது; கடைசிவரை உங்களைத்தான் பார்த்துக்கொண்டு வந்தார். தண்ணீரைப் பார்க்கவே இல்லை.

எனக்கு ஹிந்தி சரியாகப் புரியவில்லை என்பதுபோல் தலையாட்டினேன். புரிந்தது.

நவம்பர் 12, செவ்வாய். காத்மண்டு

போக்கராவிலிருந்து ஜீப்பில் வந்து சேர்வதற்குள் வாணிக்கு வலி தாங்கவில்லை. பள்ளம் வருகிற ஒவ்வொரு முறையும் அவள் தோளை என் நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டே வந்தேன். நாளை மதியம் விமானம்.

குழுவுக்கான அறிக்கையைப் பாதி எழுதிவைத்திருக்கிறேன். வழியில் ஒரு டீக்கடையில் உட்கார்ந்து வாசித்துப் பார்த்தபோது லேப் ஞாபகம் வந்தது. பிள்ளைகள் டைட்ரேஷன் செய்யும்போது வர வேண்டிய அளவு வரவில்லை என்றால், வந்ததை விட்டுவிட்டு வர வேண்டியதையே ரெக்கார்டில் எழுதிவிடுவார்கள். நான் கண்டுபிடித்துவிடுவேன். அந்த வரியில் மட்டும் கையெழுத்து கொஞ்சம் அழகாக இருக்கும்.

இந்த நோட்டில் எட்டாம் தேதிப் பக்கத்தைத் திருப்பிப் பார்த்தேன். அழகாகத்தான் இருக்கிறது.

ஒன்பதாம் தேதி எழுதியது உண்மையில்லை. நர்ஸ் வரவில்லை. யாரும் வரவில்லை. வாணி கேட்டாள், நான் பதிலும் சொன்னேன்.

“சுகந்தி, கோவிச்சுக்காதே. நீ அன்னிக்குத் துடுப்பை எந்தப் பக்கம் சாய்ச்சே?”

“சோத்தாங்கைப் பக்கம்.”

“வலது பக்கமா?”

“ஆமாண்டீ. வலதுதான்.”

அவள் என்னை ரொம்ப நேரம் பார்த்தாள். சந்தேகமாகப் பார்த்தாள் என்று எழுதினால் எனக்குச் சுலபமாக இருக்கும். அப்படிப் பார்க்கவில்லை. பயந்து பார்த்தாள். பிறகு, “எனக்கு இடது பக்கம்னே கண்ணுக்குள்ள நிக்குதே” என்றாள். தன் நெற்றியைத் தானே தொட்டுப் பார்த்துக்கொண்டாள், காய்ச்சல் பார்ப்பதுபோல.

இடது பக்கம்தான் சாய்த்தேன்.

தண்ணீர் இறங்கி மரம் வெளியே தெரிந்தது. கறுப்பாக, கையை விரித்து வைத்த மாதிரி. அந்த நொடியில் எனக்குள் இருந்தது ஒன்றே ஒன்றுதான்: அங்கே பார், அங்கே மரம். கை தானாக அங்கே நீட்டியது. யாருக்கும் அப்படித்தான் நீட்டும். அதனால்தான் அந்த வழக்கமே வந்தது, அதனால்தான் அதை முதல் நாளே சொல்லித்தருகிறோம். ஆறு வருடமாக நான் சொல்லித்தந்தது. அவள் தலையசைத்தாள். எனக்கு நன்றாகத் தெரிந்தது, ‘சரி’ என்று தலையசைத்துவிட்டுத்தான் திரும்பினாள். நான்கு விநாடி இருக்கும். துடுப்பை மாற்றிச் சாய்க்க அது போதும். நான் மாற்றவில்லை. வாயைத் திறந்து நின்றேன்.

அதைக்கூட மன்னிக்கலாம் என்று நினைக்கிறேன், வேறு யாராவது செய்திருந்தால். ஒன்பதாம் தேதி சொன்னதை என்ன செய்வது என்று தெரியவில்லை. அன்று அவள் கேட்டபோது என் கண்ணெதிரில் தண்ணீர் இல்லை, மரம் இல்லை. ஒரு கட்டிலும் கஞ்சி ஃப்ளாஸ்க்கும்தான் இருந்தன. யோசிக்க வேண்டிய நேரம் எல்லாம் இருந்தது.

இன்று ஜீப்பில் வரும்போது அவள் தாமோதரனுக்கு போன் செய்தாள். கிளினிக்கை ரம்யாவிடமே விட்டுவிடலாம் என்றாள். ரம்யா அவளிடம் நான்கு வருடமாக இருக்கும் ஜூனியர் டாக்டர். விரல் சரியாகும்வரையா என்று அவர் கேட்டிருப்பார் போலிருக்கிறது.

“விரல் இல்லீங்க. இடதைப் பார்த்துட்டு வலதுன்னு நெனைக்கிற ஆளு, ஒருத்தர் வாய்க்குள்ள மிஷினை விட முடியுமா? நல்ல பல்லைப் புடுங்கிட்டா?”

முன்சீட்டில் இருந்த சீலண்ணா திரும்பிப் பார்க்கவில்லை. முன்பெல்லாம் அவர் கிண்டல் செய்தால் அவள் பதிலுக்கு ஒன்று சொல்வாள். இப்போது அவர் கிண்டலை அவளே தனக்குச் சொல்லிக்கொள்கிறாள். நாளை காலை பத்து மணிக்கு ரம்யாவுக்கு போன் செய்து சொல்லிவிடப் போகிறாளாம்.

நவம்பர் 13, புதன். காத்மண்டு

ஐந்தரைக்கே விழித்துவிட்டேன். சீலண்ணா படகுகளைத் திருப்பிக் கொடுக்க ஜீப்பில் போய்விட்டார். ஒன்பது மணிக்குச் சாப்பிட வந்துவிடுவதாகச் சொல்லியிருக்கிறார். வாணி பக்கத்துக் கட்டிலில் மல்லாந்து தூங்குகிறாள். தோளில் கட்டு இருப்பதால் ஆறு நாளாக இப்படித்தான். புரள முடியாது.

அறிக்கையைக் கிழித்துவிட்டுப் புதிதாக எழுதினேன். ஒரு பக்கம்தான் வந்தது. கோர்வையாக இல்லை, சில இடங்களில் அடித்து எழுதியிருக்கிறேன். அதைச் சீலண்ணா சாப்பிட வந்ததும் கையில் கொடுத்துவிடலாம். ஞாயிற்றுக்கிழமை பதின்மூன்று பேர் முன்னால் நானே வாசிக்கவும் செய்யலாம். அதெல்லாம் எனக்குப் பயமாக இல்லை என்பதை ஆச்சரியத்தோடு பார்க்கிறேன். பயம் இந்தக் கட்டிலுக்கும் அந்தக் கட்டிலுக்கும் நடுவில் இருக்கும் மூன்றடிக்குத்தான்.

முப்பத்திரண்டு வருடச் சினேகிதம். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு படுத்துவிடலாம். இனி என் முகத்திலேயே விழிக்க வேண்டாம் என்று சொல்லலாம். மெதுவாகச் சரி என்று சொல்லிவிட்டு, ஊருக்குப் போன பிறகு என் போனை எடுக்காமலே இருந்துவிடலாம். வாணியால் அது முடியும்.

ராத்திரி முழுக்க எப்படித் தொடங்குவது என்று யோசித்திருக்கிறேன் என்பது இப்போது தெரிகிறது. கண்ணில் வெயில் பட்டது என்று தொடங்கலாம். மரத்தைப் பார்த்ததும் பயந்துவிட்டேன் என்று தொடங்கலாம். என்னை மன்னித்துவிடு என்று தொடங்கலாம். எல்லாமே என்னைப் பற்றிய வாக்கியங்கள். நான் அவற்றைச் சொல்லி முடிக்கும்வரை அவள் தன் மூளை கெட்டுவிட்டது என்று நினைத்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருப்பாள்.

மணி ஆறே கால். அவள் விழித்ததும் பாத்ரூமுக்குக் கைத்தாங்கலாகக் கூட்டிப் போக வேண்டும், பிரஷ்ஷில் பேஸ்ட் வைத்துக் கொடுக்க வேண்டும். அதற்குப் பிறகு என்று தள்ளினால் காபிக்குப் பிறகு என்று ஆகிவிடும். என்னை எனக்குத் தெரியும். ஆகவே கண் திறந்ததும், அவள் எழுந்து உட்காரும் முன்பே. முதலில், “உன் தலைக்கு ஒண்ணும் ஆகல. நீ பார்த்ததுதான் சரி, இடது பக்கம்தான்.” அவள் ரம்யாவுக்கு போன் செய்ய வேண்டாம் என்பது அவளுக்கே புரியும்வரை வேறு ஒன்றும் சொல்லப் போவதில்லை. அதன் பிறகு யார் காட்டியது, யார் பொய் சொன்னது என்பதெல்லாம் அவள் கேட்கும் வரிசையில், அவள் கேட்கும் வரைக்கும்.